திருவாளர் நெற்றித்தழும்பு

1980 பிப்ரவரி 13. வாஷிங்டனில் அதிபர் ஜிம்மி கார்ட்டரின் பிரஸ் மீட். தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தைச் சேர்ந்தவர்கள் பிணைக்கைதிகளாகச் சிக்கி மூன்று மாதம் தாண்டிவிட்டது. ஒரு நிருபர் எழுந்து, 1953-இல் ஈரான் மக்களின் விருப்பத்துக்கு விரோதமாக மன்னர் ஷாவை மறுபடி சிம்மாசனத்தில் உட்கார வைத்தோமே, அது முறையா என்று கேட்டுவிட்டார். கார்ட்டர் நல்ல மனிதர். ஞாயிற்றுக்கிழமை பைபிள் வகுப்பு எடுத்தவர். ஆனாலும் அவர் சொன்ன பதிலின் சாரம் இதுதான்: அதெல்லாம் பழங்கால வரலாறு, இப்போது கிளறுவது சரியில்லை.

பழங்காலமாம்! கணக்குப் போட்டுப் பாருங்கள், 27 வருஷம். கஜினியும் இல்லை, கரிகாலனும் இல்லை. அந்தப் 'பழங்கால'க் காரியத்தை நடத்திக்கொடுத்த ஆசாமி அப்போது உயிரோடுதான் இருந்தார். வயது 64-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. போதாததற்கு, செய்ததையெல்லாம் ஒன்று விடாமல் ஒரு புத்தகமாகவே எழுதி வைத்திருந்தார்.

அவரிடம் போகுமுன் எண்ணெயைப் பார்த்துவிடலாம். இந்தக் கதையில் எல்லோருடைய கையிலும் அது ஒட்டியிருக்கிறது.

1901-இல் பாரசீக மன்னர் ஒருவர், வில்லியம் நாக்ஸ் டார்சி என்ற ஆங்கிலேயருக்குத் தம் நாட்டின் பெரும்பகுதியில் எண்ணெய் தோண்ட 60 வருஷ உரிமை கொடுத்தார். ரொக்கம் 20,000 பவுண்டு, அதே அளவுக்குப் பங்குகள், லாபத்தில் 16 சதவீதம். டார்சி எப்பேர்ப்பட்ட தொழிலதிபர் தெரியுமா? கடைசிவரை பாரசீக மண்ணில் கால் வைக்கவே இல்லை. ஒர்க் ஃபிரம் ஹோம் என்பதை நம் ஐ.டி. பிள்ளைகள் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

தோண்டத் தோண்டப் பணம் கரைந்ததே தவிர எண்ணெய் வரவில்லை. கை கொடுத்தது பர்மா ஆயில் கம்பெனி. ஆமாம், நம் தாத்தாக்கள் மண்ணெண்ணெய் டின்னில் 'பர்மா ஷெல்' என்று படித்தார்களே, அந்த பர்மாவேதான். 1908-இல் எண்ணெய் பீறிட்டது. 1914-இல் கடற்படைப் பொறுப்பில் இருந்த சர்ச்சில், கம்பெனியின் பாதிக்கு மேற்பட்ட பங்கை பிரிட்டிஷ் அரசாங்கத்தையே வாங்க வைத்தார். அதன்பின் கம்பெனி எது, சர்க்கார் எது என்று பிரித்துப் பார்ப்பது சிரமம். ஈரானுக்குக் கிடைத்த ராயல்டியைவிட, அதே எண்ணெயின் பேரில் லண்டன் கஜானாவுக்குப் போன வரி அதிகம். தென்னந்தோப்பைக் குத்தகைக்கு விட்டவருக்கு மட்டை மட்டும் வந்து சேர்ந்தால் எப்படியோ, அப்படி. அவர் எத்தனை நாள்தான் மட்டையை எண்ணிக்கொண்டிருப்பார்?

1951 வரை எண்ணினார்கள். அந்த வருஷம் முகமது மொசாதெக் பிரதமரானார். எண்ணெய் நாட்டுடைமை ஆனது.

மொசாதெக் ஒரு தனிப்பிறவி. அரச வம்சத்து உறவு, ஸ்விட்சர்லாந்தில் சட்டத்தில் டாக்டர் பட்டம், வயது எழுபதை ஒட்டி. பொதுக்கூட்டத்தில் அழுவார். மயக்கம் போட்டு விழுவார். வெளிநாட்டுத் தூதர்களை இரும்புக் கட்டிலில் பைஜாமாவோடு படுத்தபடியே சந்திப்பார். 1951 அக்டோபரில் வாஷிங்டன் ரயில் நிலையத்தில் இறங்கியபோது தடியை ஊன்றிக்கொண்டு தள்ளாடித் தள்ளாடி வந்தார். வரவேற்கக் காத்திருந்த வெளியுறவு அமைச்சர் டீன் அச்சேசனைக் கண்டதும் தடியை விட்டுவிட்டுத் துள்ளிக்கொண்டு ஓடி வந்தார். இதை அச்சேசனே எழுதி வைத்திருக்கிறார். சிவாஜி கணேசன் அப்போது இன்னும் சினிமாவுக்கே வரவில்லை என்பதை மனதில் வையுங்கள்.

அதற்காக அவரைக் காந்தியாக்கிவிட வேண்டாம். 1953 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தைக் கலைக்க ஒரு வாக்கெடுப்பு நடத்தினார். 'கலைக்கலாம்' என்பவர்களுக்கு ஒரு சாவடி, 'கூடாது' என்பவர்களுக்கு வேறொரு சாவடி! எல்லோரும் பார்க்க இரண்டாவது சாவடிக்குள் நுழையும் வீரம் எத்தனை பேருக்கு இருக்கும்? முடிவு, கிட்டத்தட்ட நூற்றுக்கு நூறு. சட்ட டாக்டருக்கு ரகசிய வாக்கெடுப்பு என்ற பாடம் மட்டும் அன்று மறந்துபோயிருந்தது.

லண்டனுக்கு மூக்குமேல் கோபம். எண்ணெயை வாங்கவிடாமல் கப்பல்களை மறித்தார்கள். ஹேக் உலக நீதிமன்றத்துக்குப் போனார்கள். தனக்கு இதில் அதிகாரம் இல்லை என்று 1952-இல் கோர்ட் கையை விரித்தது. ஆளையே கவிழ்த்துவிடலாம் என்று உளவாளிகள் திட்டம் போட்டால், மொசாதெக் முந்திக்கொண்டு அந்த அக்டோபரில் பிரிட்டிஷ் தூதரகத்தையே மூடவைத்தார். உளவாளிகள் மூட்டை கட்டினார்கள். இனி என்ன வழி? அவுட்சோர்சிங்!

மான்டி வுட்ஹவுஸ் என்ற பிரிட்டிஷ் உளவு அதிகாரி வாஷிங்டன் போனார். எங்கள் எண்ணெய்க் கிணறு போச்சு என்று அழுதால் அமெரிக்கன் திரும்பிப் பார்ப்பானா? அதனால் எண்ணெயைப் பற்றி மூச்சு விடாமல், 'ஈரானை கம்யூனிஸ்டுகள் விழுங்கப்போகிறார்கள்' என்று பேசுவதென முடிவு செய்தார். பிற்காலத்தில் அவரே இதைக் கூச்சமில்லாமல் ஒப்புக்கொண்டார். ட்ரூமன் ஆட்சி போய் ஐசனோவர் வந்ததும் பருப்பு வெந்தது. வெளியுறவுத் துறையில் அண்ணன் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ், சி.ஐ.ஏ.வில் தம்பி ஆலன் டல்லஸ். 1953 ஏப்ரலில் தம்பி 10 லட்சம் டாலருக்கு அனுமதி கொடுத்தார். நிபந்தனை ஒன்றுதான்: மொசாதெக் விழ வேண்டும், எப்படி வேண்டுமானாலும் செலவு செய்துகொள்ளலாம். எந்தக் கம்பெனி அக்கவுண்டன்ட்டும் கனவில்கூடக் காணாத வவுச்சர்.

இப்போது மேடைக்கு வருகிறார் நம் கதாநாயகர் கெர்மிட் ரூஸ்வெல்ட். முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் பேரன். 1953 ஜூலையில் ஈராக் பக்கமிருந்து காரில் எல்லையைத் தாண்டினார். பாஸ்போர்ட்டில் பெயர் ஜேம்ஸ் லாக்ரிட்ஜ். எல்லைச் சாவடியில் இருந்த அதிகாரிக்கு ஆங்கிலம் அரைகுறை. பாஸ்போர்ட்டைப் புரட்டியவர், அங்க அடையாளம் எழுதியிருந்த இடத்தைப் பெயர் என்று நினைத்துவிட்டார். பதிவேட்டில் ஏறிய பெயர்: 'திருவாளர் வலது நெற்றியில் தழும்பு'. ஒரு நாட்டின் தலையெழுத்தை மாற்றப் போனவர் தம் நெற்றி எழுத்தோடு உள்ளே நுழைந்தார்.

தெஹ்ரானில் பகலில் டென்னிஸ், இரவில் சதி. டென்னிஸில் பந்தைக் கோட்டைவிடும்போதெல்லாம் தம்மையறியாமல் 'அட ரூஸ்வெல்ட்டே!' என்று தம்மைத் தாமே திட்டிக்கொள்வாராம். உடன் ஆடியவர்கள் விழித்தார்கள். இவர் பெயர் லாக்ரிட்ஜ் ஆயிற்றே! தாம் தீவிர ரிபப்ளிகன் கட்சிக்காரர் என்றும், டெமாக்ரட் அதிபர் ஃப்ராங்க்ளின் ரூஸ்வெல்ட் பெயரைக் கெட்ட வார்த்தையாகப் பயன்படுத்துவது வழக்கம் என்றும் சமாளித்தார். உலகின் தலைசிறந்த உளவு நிறுவனம் என்று பெயர் வாங்கியவர்களின் லட்சணம் இது.

ஷாவின் கதை இன்னும் விசேஷம். முகமது ரெசா பஹ்லவிக்கு அப்போது 33 வயது. மொசாதெக்கைப் பதவிநீக்கம் செய்யும் ஆணையில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை எடுக்கவே பயம். இரட்டைப் பிறவி சகோதரி அஷ்ரஃபை பிரான்ஸிலிருந்து வரவழைத்துச் சொல்லிப் பார்த்தார்கள். பிறகு ஷ்வார்ஸ்காஃப் என்ற அமெரிக்க ஜெனரலை அனுப்பினார்கள். (1991 வளைகுடாப் போரில் டி.வி.யில் தினமும் பார்த்தோமே, அந்த ஷ்வார்ஸ்காஃபின் அப்பா.) சுவரில் ஒட்டுக்கேட்கும் கருவி இருக்குமோ என்று ஷாவுக்குச் சந்தேகம். ஜெனரலை ஒரு பெரிய ஹாலுக்குக் கூட்டிப்போய், ஒரு சின்ன மேஜையை இழுத்து நட்டநடுவில் போட்டு, இருவரும் அதன் மேல் ஏறி உட்கார்ந்து பேசினார்களாம். சி.ஐ.ஏ.வின் உள்சுற்று வரலாற்றிலேயே இது இருக்கிறது. இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷ மன்னராட்சியின் வாரிசும் ஒரு மிலிட்டரி ஜெனரலும் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு மேஜைமேல் உட்கார்ந்திருக்கும் காட்சியை யாரும் படம் எடுத்து வைக்கவில்லையே!

பிறகு நள்ளிரவுகளில் கெர்மிட்டே அரண்மனைக்குப் போனார். காரின் தரையில் படுத்து, மேலே கம்பளி போர்த்திக்கொண்டு. ஒருவழியாகக் கையெழுத்து விழுந்தது. ஆகஸ்ட் 15 இரவு, ஆணையை எடுத்துக்கொண்டு கர்னல் நசிரி மொசாதெக் வீட்டுக்குப் போனார். மொசாதெக்குக்குச் சேதி முன்னமே போயிருந்தது. கைது செய்யப் போனவர் கைதானார்.

ஷா என்ன செய்தார்? தாமே விமானத்தை ஓட்டிக்கொண்டு, ராணியோடு பாக்தாத்துக்குப் பறந்தார். அங்கிருந்து ரோம். வாஷிங்டனில் ஒரே சோகம். இனி மொசாதெக்கோடு கொஞ்சிக் குலாவித்தான் ஆக வேண்டும்போல என்கிற தொனியில் ஐசனோவருக்குக் குறிப்பே போய்விட்டது. கெர்மிட்டுக்கும் கிளம்பி வா என்று தகவல் போனது. மனிதர் அசையவில்லை. தாத்தா பெயர் என்னாவது?

ஆகஸ்ட் 19 காலை தெஹ்ரான் கடைவீதியிலிருந்து ஒரு கூட்டம் கிளம்பியது. உடற்பயிற்சிக் கூடத்துப் பயில்வான்கள், காசு வாங்கியவர்கள், காசு வாங்காமலே மொசாதெக்கின் மேல் கடுப்பில் இருந்தவர்கள் எல்லோரும் கலந்த கூட்டம். பிறகு ராணுவம் சேர்ந்துகொண்டது. மொசாதெக்கின் வீட்டை டாங்கிகள் சுட்டன. எழுபதைத் தாண்டிய மனிதர் ஏணி வைத்துப் பின்சுவர் ஏறித் தப்பி, மறுநாள் சரணடைந்தார். அன்று ஒருநாளில் செத்தவர்கள் முந்நூறு பேர் வரை இருக்கும் என்பார்கள். அவர்கள் யாரும் டென்னிஸ் ஆட வந்தவர்கள் அல்ல.

ரோம் ஹோட்டலில் சாப்பாட்டு மேஜையில் இருந்த ஷாவிடம் நிருபர்கள் சேதியைக் காட்டினார்கள். முகம் வெளுத்தது. சமாளித்துக்கொண்டு அவர் சொன்னது, மக்கள் தம்மை நேசிக்கிறார்கள் என்பது தமக்கு முன்பே தெரியும் என்று. தெரிந்துதான் மூன்று நாள் முன்பு இரண்டு நாடு தாண்டினாரோ? திரும்பி வந்ததும் கெர்மிட்டை அழைத்துத் தங்க சிகரெட் பெட்டி பரிசளித்தார். தம் சிம்மாசனத்துக்குக் கடவுள், மக்கள், ராணுவம், அப்புறம் நீங்கள் காரணம் என்றாராம். நன்றியுரையில் ஸ்பான்சர் பெயர் கடைசியில்தானே வரும்!

இங்கே ஒரு நிமிஷம். இந்தக் கதையில் பாதி, கெர்மிட் தாமே சொன்னது. அவர் சொல்வதைக் கேட்டால் தெஹ்ரானில் ஒரு ஈரானியருக்கும் சொந்தப் புத்தியே கிடையாது, எல்லாம் இவர் ஆட்டுவித்த பொம்மைகள் என்று தோன்றும். உண்மையில் மொசாதெக்கோடு சேர்ந்திருந்த ஆயத்துல்லா காஷானியே அதற்குள் எதிரணிக்குப் போயிருந்தார். மதகுருமார்களில் பலருக்கு மொசாதெக் வீழ்ந்ததில் வருத்தமில்லை, சிலருக்கு அந்தக் கூட்டத்தில் பங்கும் உண்டு. இதை மறைக்க இன்றைய ஈரானிய ஆட்சிக்கு ஒரு வசதியான ஆள் வேண்டுமே? கெர்மிட்டின் தற்பெருமை கைகொடுக்கிறது. முழுப்பழியும் தனக்கே என்று சி.ஐ.ஏ. நெஞ்சு நிமிர்த்த, ஆமாம் முழுப்பழியும் உனக்கே என்று தெஹ்ரான் தலையாட்ட, இரு தரப்பும் ஒத்துப்போகும் ஒரே விஷயம் இதுவாகத்தான் இருக்கும்.

1979 புரட்சிக்குப் பிறகு தெஹ்ரானின் நீளமான சாலைக்கு ஷா வம்சத்தின் பெயரை எடுத்துவிட்டு மொசாதெக் பெயரை வைத்தார்கள். கொஞ்ச காலத்திலேயே அதையும் எடுத்துவிட்டார்கள். தியாகி வேண்டும், ஆனால் போர்டில் வேண்டாம். மொசாதெக் மூன்று வருஷம் ஜெயில், பிறகு அஹ்மதாபாத் கிராமத்தில் சாகும்வரை வீட்டுக்காவல் என்று இருந்து 1967-இல் காலமானார். வேறெங்கும் புதைக்கவிடாததால் வீட்டின் சாப்பாட்டு அறைத் தரைக்குக் கீழே கிடக்கிறார்.

பலன் யாருக்கு? 1954-இல் எண்ணெயைப் பங்கு போட்டபோது அமெரிக்கக் கம்பெனிகளுக்கு 40 சதவீதம். மொத்தமும் தன்னுடையது என்றிருந்த பிரிட்டிஷ் கம்பெனிக்கும் அதே 40. அவுட்சோர்ஸ் எடுத்தவன் பாதி கடையை எழுதி வாங்கிக்கொண்டான். மனம் நொந்த கம்பெனி, பெயரை 'பிரிட்டிஷ் பெட்ரோலியம்' என்று மாற்றிக்கொண்டது. நம்மூர் பர்மா ஷெல்லையும் 1976-இல் இந்திய அரசு எடுத்துக்கொண்டது. நல்லவேளை, எந்த நெற்றித்தழும்பும் வாகா எல்லையைத் தாண்டி வரவில்லை. இன்னொரு வேடிக்கை: மொசாதெக் நாட்டுடைமையாக்கியதில் பிறந்த ஈரான் தேசிய எண்ணெய் கம்பெனி, 1965-இல் தொடங்கிய மணலி சுத்திகரிப்பு ஆலையில் பங்குதாரர். திருவொற்றியூர்க்காரர்கள் சபிக்கும் புகையில் அந்தப் பைஜாமாத் தாத்தாவின் பங்கும் கொஞ்சம் உண்டு.

சரி, ஷாவுக்கு வருவோம். அமெரிக்கா கொடுத்த தைரியத்தில் மனிதர் ஒரேயடியாக மாறிப்போனார். 1957-இல் சாவாக் என்ற ரகசியப் போலீஸ் வந்தது. அதன் கைங்கரியம் சிரித்துச் சொல்லும் விஷயமில்லை. 1971-இல் பாரசீக மன்னராட்சிக்கு 2500-ஆவது பிறந்தநாள் என்று பாலைவனத்தில் பட்டுக் கூடாரம் போட்டு, பாரிஸின் மாக்ஸிம்ஸ் ஓட்டலையே இறக்கி விருந்து வைத்தார். அதுவும் போதவில்லை. 1976-இல் நாட்டின் காலண்டரையே மாற்றினார். ராத்திரி 1355-இல் படுத்த ஈரானியர் காலையில் 2535-இல் எழுந்தார்! ஒரே இரவில் 1180 வருஷம் வயசாகியும் தாடி நரைக்காத ஒரே தேசம்.

1977 டிசம்பர் 31 இரவு, அதே கார்ட்டர் தெஹ்ரான் அரண்மனையில் கோப்பையை உயர்த்தி, கொந்தளிக்கும் வட்டாரத்தில் ஈரான் ஓர் அமைதித் தீவு என்று வாழ்த்தினார். 1978 ஆகஸ்டில் சி.ஐ.ஏ. ஒரு மதிப்பீடு எழுதியது: ஈரானில் புரட்சியும் இல்லை, புரட்சிக்கு முந்தைய அறிகுறியும் இல்லை. 1979 ஜனவரியில் ஷா மறுபடி விமானம் ஏறினார். இந்தத் தடவை சாப்பாட்டு மேஜைக்கு நல்ல சேதி எதுவும் வரவில்லை.

அக்டோபரில் சிகிச்சைக்கென்று அவரை அமெரிக்கா உள்ளே விட்டது. தெஹ்ரான் மாணவர்களுக்கு உடனே ஞாபகம் வந்தது: போன தடவையும் ஷா ஓடினார், அமெரிக்கத் தூதரகத்து ஆட்கள் திருப்பிக் கொண்டுவந்தார்கள். நவம்பர் 4-ஆம் தேதி சுவரேறிக் குதித்தார்கள். 52 பேர் 444 நாள் அடைபட்டுக் கிடந்தார்கள். அது நியாயமா? இல்லவே இல்லை. அந்த ஊழியர்களில் ஒருவரும் கெர்மிட் அல்ல. அடைத்தவர்களுக்கு வரலாறு 1953 ஆகஸ்டில் தொடங்கி அங்கேயே நின்றுவிட்டது. அமெரிக்காவுக்கோ 1979 நவம்பரில்தான் தொடங்கவே செய்தது. இதற்கு ஷாவின் காலண்டரே பரவாயில்லை, எல்லோருக்கும் ஒரே வருஷமாவது காட்டியது.

மறதிக்கும் ஆபீஸ் போட்டு வேலை பார்த்திருக்கிறார்கள். 1989-இல் அமெரிக்க வெளியுறவுத் துறை 1951-54 ஈரான் ஆவணங்களை ஒரு தடித்த அதிகாரபூர்வத் தொகுதியாக வெளியிட்டது. சி.ஐ.ஏ.வின் சதி பற்றி அதில் ஒரு வரி கிடையாது! வரலாற்றாசிரியர்கள் கொதித்தார்கள். ஆலோசனைக் குழுத் தலைவர் வாரன் கோஹன் ராஜினாமா செய்தார். இப்படி இனி நடக்கக் கூடாது என்று 1991-இல் சட்டமே போட்டார்கள். திருத்திய தொகுதி எப்போது வந்தது? 2017-இல். இடையில், பழைய கோப்புகளைக் கொடுங்கள் என்றால், பெரும்பகுதியை அறுபதுகளிலேயே வழக்கமான சுத்தம் செய்தபோது அழித்துவிட்டோம் என்றது சி.ஐ.ஏ. நம்மூர் தாலுகா ஆபீஸ் கரையானைவிடச் சுறுசுறுப்பு.

ஒப்புக்கொள்ளல் தவணை முறையில் நடந்தது. 2000-இல் வெளியுறவு அமைச்சர் மேடலின் ஆல்பிரைட், மொசாதெக்கைக் கவிழ்த்ததில் அமெரிக்காவுக்குக் கணிசமான பங்கு உண்டு என்றார். 2009-இல் கெய்ரோவில் ஒபாமா ஒரு வாக்கியம் பேசினார். 2013-இல் சி.ஐ.ஏ. ஆவணம் ஒன்று வாயைத் திறந்தது. 2023-இல் சி.ஐ.ஏ. தன் சொந்த பாட்காஸ்டில் அது ஜனநாயகத்துக்கு விரோதமான செயல் என்றது. அதுவும் தெஹ்ரானிலிருந்து அமெரிக்கத் தூதரக ஆட்களைத் தப்புவித்த 'ஆர்கோ' சாகசத்தைச் சொல்லப்போன இடத்தில், போகிற போக்கில். 'மன்னிக்கவும்' என்ற சொல் எந்தத் தவணையிலும் வரவில்லை. ஐடியா கொடுத்த லண்டன்? அங்கே முதல் தவணையே இன்னும் கட்டவில்லை.

கெர்மிட்டின் புத்தகத்துக்கு என்ன ஆச்சு என்கிறீர்களா? 1979-இல் அச்சாகி வந்ததும் பிரிட்டிஷ் பெட்ரோலியம் ஆட்சேபித்தது. பிரதிகள் திரும்பப் பெறப்பட்டன. ஒரு நாட்டைக் கவிழ்த்ததற்கு வழக்கு இல்லை, கவிழ்த்தது யார் ஐடியா என்று எழுதியதற்கு வக்கீல் வந்தார்.

இதற்கிடையே ஷா காலத்தில் அமெரிக்கா விற்ற சரக்கெல்லாம் ஈரானிலேயே கிடந்தது. எஃப்-14 போர் விமானங்கள் 79. அந்த ரகத்தை வாங்கிய ஒரே வெளிநாடு ஈரான்தான். அமெரிக்கக் கடற்படை 2006-இல் அந்த ரகத்துக்கு ஓய்வு கொடுத்தது. ஸ்பேர் பார்ட்ஸ் எப்படியாவது தெஹ்ரானுக்குக் கடத்தப்பட்டுவிடுமோ என்ற பயத்தில், தன் சொந்த விமானங்களையே மெஷினில் போட்டுத் துண்டு துண்டாக நறுக்கியது பென்டகன்.

விமானத்தை நறுக்கலாம். 1967-இல் தெஹ்ரானில் கட்டிக்கொடுத்த 5 மெகாவாட் அணு ஆராய்ச்சி உலையை என்ன செய்வது? 'அமைதிக்கு அணு' திட்டத்தில் ஐசனோவர் ஆட்சி 1957-இல் ஷாவோடு போட்ட ஒப்பந்தத்தின் வாரிசு அது. அதற்கு முதலில் எரிபொருளாக உயர்செறிவு யுரேனியம் கொடுத்ததும் அமெரிக்காதான். பிற்பாடு அதை 20 சதவீத யுரேனியத்தில் ஓடும்படி மாற்றினார்கள். 2010 பிப்ரவரியில் ஈரான் யுரேனியத்தை 20 சதவீதத்துக்குச் செறிவூட்டப்போகிறோம் என்று அறிவித்ததும் வாஷிங்டன் அலறியது. எதற்கு இவ்வளவு என்று கேட்டார்கள். தெஹ்ரான் வெகு பவ்யமாகப் பதில் சொன்னது: ஐயா, நீங்கள் கட்டிக்கொடுத்த உலைக்குத்தான்.